முரட்டு வேலையை இனி யார் செய்வது?

முடிந்த சிற்பம் தொழில் ரகசியத்தைச் சொல்லாது. பாதியில் விட்டதுதான் சொல்லும். மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்களைப் போய்ப் பாருங்கள். மேலே கூரை உருவாகி நிற்கிறது, கீழே வெறும் பாறை. உச்சியில் தொடங்கி இறங்கி வந்திருக்கிறார்கள். முடியாத குடைவரைகளில் இன்னொன்றும் தெரியும். சுவரில் கட்டம் கட்டமாக ஆழக் கோடு வெட்டி, நடுவில் புடைத்த கல்லை அடித்துப் பெயர்த்த தடம். பல்லவர் காலத்துப் பொறியியல் அது.

அந்த அறிவைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர 1957-ல் இங்கே அரசுப் பயிற்சி மையம் வந்தது. அதை நெடுங்காலம் நடத்தியவர் கணபதி ஸ்தபதி. குமரிமுனை வள்ளுவர் அவருடைய கணக்குதான்: பீடம் 38 அடி, சிலை 95 அடி. 2000 ஜனவரி 1-ல் திறந்தார்கள். 2004 சுனாமி அலையிலும் அசையாமல் நின்றார் வள்ளுவர். கல்லூரியாகிவிட்ட அந்த மையம் இன்று மரபுக் கட்டடக் கலைக்கு பி.டெக். பட்டம் தருகிறது. முழக்கோல் பிடித்தவரைப் பொறியாளர் என்று காகிதத்தில் ஒப்புக்கொள்ள நமக்கு இத்தனை நாள் ஆயிற்று!

ஐந்து ரதம் பக்கத்துப் பட்டறைகளில் இப்போது உளிச் சத்தத்தை கிரைண்டர் அமுக்கிவிடுகிறது. கல்லில் காவிக் கோடு. கோட்டுக்கு வெளியே வரிசையாக அறுத்துக்கொண்டே போகிறது பிளேடு. பிறகு சுத்தியால் ஒரு தட்டு, பொலபொலவென்று கொட்டுகிறது கல். யோசித்தால் பல்லவர் செய்ததும் இதுதான். நாள்கணக்கு மணிக்கணக்காகிவிட்டது, அவ்வளவே. முகத்தில் துண்டு கட்டியும் மூக்குக்குள் போகும் தூசி தனிக்கதை. கண்ணும் உதடும் விரலும் மட்டும் இன்னும் உளிக்கு.

சிக்கல் வேறிடத்தில். புதிதாக வரும் பையனுக்கு முன்பு தந்தது, இன்று கிரைண்டர் செய்யும் இந்த முரட்டு வேலையைத்தான். எங்கே அடித்தால் கல் எந்தப் பக்கம் பிளக்கும் என்பது அதில்தான் கைக்கு ஏறியது.

இந்த ஊர்ப் பெயரைச் சுமக்கும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் இதே கதை. தரமணியில் டைடல் பார்க் என்ற மென்பொருள் வளாகம் வந்ததும் வள்ளுவர் சிலை திறந்த அதே 2000-ல்தான். அந்தச் சாலையில் வேலைக்குச் சேரும் இளம் பொறியாளருக்கு முதலில் கிடைப்பது சில்லறை நிரலும் பிழை தேடலும். அதைச் செயற்கை நுண்ணறிவு இப்போது நொடியில் எழுதித் தருகிறது. ‘சரிபார்க்கத் தெரிந்தால் போதும்’ என்கிறார்கள். தானே நூறு தடவை தப்பாக அடித்துப் பார்க்காதவனுக்குச் சரிபார்க்கும் கண் எங்கிருந்து வரும்?

கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: புதுப் பிள்ளைகள் கையில் முதல் ஆறு மாதமாவது வெறும் உளியைக் கொடுங்கள்.