ஏழு கோப்புகள், ஒரே சொல்லடைவு

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்து ஆசிரியர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி கரை மீறியதில் வண்ணார்பேட்டையின் தாழ்வான தெருக்களுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. பள்ளி திறந்த பிறகு பல வாரங்கள் வரை மாணவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு வீணாகப் போக வேண்டாம் என்று எண்ணி, அதை எழுத வைத்தோம். அவரவர் தெருவில் தண்ணீர் எப்போது வந்தது, எதுவரை ஏறியது, எங்கே போய்த் தங்கினார்கள், தாத்தா பாட்டி 1992 வெள்ளத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பவை கேள்விகள். ஏழு பிரிவுகளின் வகுப்பாசிரியர்கள் ஏழு கோப்புகளாகத் தட்டச்சு செய்தோம். அச்செடுத்துத் தைத்தபோது நல்ல கனமான புத்தகமாகவே வந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதை வைத்தோம். ஒரு தாய் கையில் எடுத்துப் புரட்டிவிட்டு, "எங்க தெருவப் பத்தி எந்தப் பக்கத்துல இருக்கு, டீச்சர்?" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. ஏழு ஆசிரியர்களும் ஆளுக்கொரு பகுதியைத்தான் அறிந்திருந்தோம். முழுப் புத்தகத்தையும் அறிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு நாங்கள் செய்த வேலையை இங்கே விளக்குகிறேன். பல கோப்புகளாக இருக்கும் எந்த நூலுக்கும், பள்ளி ஆண்டுமலருக்கும், கற்றல் வளத் தொகுப்புக்கும் இதே முறை பொருந்தும்.

பொருளடக்கம் வேறு, சொல்லடைவு வேறு

நூலின் முன்பக்கத்தில் வரும் பொருளடக்கம், எழுதியவர் எந்த வரிசையில் சொன்னார் என்பதைக் காட்டும். கடைசியில் அகர வரிசையில் வரும் சொல்லடைவு, படிப்பவர் தேடுவது எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும். எங்கள் புத்தகத்தின் பொருளடக்கம் '6 அ, 6 ஆ, 7 அ' என்று வகுப்பு வாரியாக இருந்தது. அது ஆசிரியர்களுக்கு வசதி. தெருவைத் தேடும் தாய்க்கு அதனால் பயனில்லை.

ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் தனித்தனிச் சொல்லடைவு போட்டுவிடலாம் என்பது எங்கள் முதல் எண்ணம். அப்படிச் செய்தால் ஒரு தெருவைத் தேட ஏழு பட்டியல்களைப் பார்க்க வேண்டும். வெவ்வேறு வகுப்பில் படிக்கும் இருவர் ஒரே படித்துறையைப் பற்றி எழுதியிருப்பதும் கண்ணில் படாமலே போகும். ஆகவே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல்லடைவு என்று முடிவு செய்தோம்.

முதல் வேலை: பெயர்ப் பட்டியல்

கணினியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நாங்கள் இதைத் தவறவிட்டு, ஒரு வாரம் வீணான பிறகே கற்றுக்கொண்டோம்.

கொக்கிரகுளம் பக்கமிருந்து ஆற்றைக் கடக்கும், 1843-இல் கட்டப்பட்ட சுலோசனா முதலியார் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பில் அது முழுப்பெயரோடு இருந்தது. மற்றவற்றில் 'ஆற்றுப் பாலம்', 'பழைய பாலம்', 'கொக்கிரகுளம் பாலம்' என்று இருந்தது. முதல் முறை உருவாக்கிய சொல்லடைவில் ஒரே பாலம் நான்கு இடங்களில் நான்கு பாலங்களாக நின்றது. ஆறும் அப்படியே 'தாமிரபரணி', 'தாமிரவருணி', 'பொருநை' என்று மூன்றாகப் பிரிந்து கிடந்தது. இவை ஒன்று என்பது கணினிக்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஏழு பேரும் ஒரு மாலை உட்கார்ந்து கரும்பலகையில் பட்டியல் எழுதினோம். அதற்கு வகுத்துக்கொண்ட விதிகள் நான்கு.

1. ஒரு பொருளுக்கு ஒரு தலைச்சொல் மட்டுமே. பாலத்துக்குச் 'சுலோசனா முதலியார் பாலம்', ஆற்றுக்குத் 'தாமிரபரணி'.

2. மக்கள் வழங்கும் மற்றப் பெயர்களை விட்டுவிடக் கூடாது. 'பொருநை – காண்க: தாமிரபரணி' என்று வழிகாட்டும் பதிவு தர வேண்டும். பழைய பாலம் என்று மட்டுமே அறிந்தவரும் தேடிக் கண்டடைய வேண்டும். மாணவர் எழுதியதைத் திருத்த வேண்டியதில்லை. கட்டுரையில் 'ஆத்துப் பாலம்' என்றே இருக்கட்டும், சொல்லடைவில் சரியான இடத்துக்குப் போனால் போதும்.

3. ஒரே சொல்லுக்குப் பக்க எண்கள் குவிந்தால் உட்பிரிவு வேண்டும். தாமிரபரணி என்று போட்டு ஐம்பது பக்க எண்களை அடுக்கினால் யாரும் பார்க்க மாட்டார்கள். 'தாமிரபரணி – அணைகள்', 'தாமிரபரணி – படித்துறைகள்' என்று பிரித்தோம். 'வெள்ளம், 1992', 'வெள்ளம், 2023' என்பவையும் தனித்தனித் தலைச்சொற்கள்.

4. மாணவர், பெற்றோர் பெயர்களைச் சொல்லடைவில் சேர்ப்பதில்லை. தெரு, படித்துறை, குளம், தங்குமிடம் ஆகியவை போதும். தங்கள் வீட்டில் நேர்ந்த இழப்பைப் பிள்ளைகள் நம்மை நம்பி எழுதியிருக்கிறார்கள். பெயரைப் பட்டியலிட்டு அதைத் தேட வைப்பது முறையல்ல.

எழுத்துருவைச் சரிபார்த்தல்

இரண்டு கோப்புகளில் எந்தச் சொல்லைத் தேடினாலும் கிடைக்கவில்லை. காரணம், அவை பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியையும் டேஸ்-16 குறியீட்டையும் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இருந்தாலும் பள்ளிக் கணினிகளில் பழைய பழக்கம் இன்னும் தொடர்கிறது. எல்லாக் கோப்புகளையும் முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின் ஒரு முறை மெய்ப்புப் பார்ப்பதும் அவசியம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டு 'பொ' என்று காட்டும் பழக்கமும் சிலருக்கு உண்டு. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் தேடும்போது சொல் தவறிப்போகலாம்.

லிபர் ஆபிஸில் செய்யும் முறை

உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் லிபர் ஆபிஸ் ரைட்டரைப் பயன்படுத்தினோம். இது விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்.

ஏழு கோப்புகளையும் ஒரே கோப்புறையில் வைத்து 01, 02 என்று எண்ணிட்டுப் பெயர் வையுங்கள். பிறகு பெயரையோ இடத்தையோ மாற்றாதீர்கள். மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். முழுக் கோப்புறையையும் பென்டிரைவில் ஒரு படி எடுத்து வைப்பது நல்லது.

அடுத்தது, சொற்களைக் குறித்தல். ஒவ்வொரு கோப்பையும் தனியே திறந்து, வேண்டிய சொல்லைத் தேர்ந்தெடுத்து, 'இன்செர்ட்' பட்டியலில் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் அண்ட் இண்டெக்ஸ்' என்பதன் கீழுள்ள 'இண்டெக்ஸ் என்ட்ரி'யைச் சொடுக்குங்கள். தோன்றும் பெட்டியில் 'என்ட்ரி' என்ற இடத்தில் கட்டுரையில் உள்ள சொல்லை அழித்துவிட்டு, நம் பட்டியலிலுள்ள தலைச்சொல்லை இட வேண்டும். உட்பிரிவு இருந்தால் தாமிரபரணியை 'முதல் கீ' என்ற இடத்திலும், படித்துறைகளை 'என்ட்ரி' என்ற இடத்திலும் தர வேண்டும்.

பிறகு 'ஃபைல் – நியூ – மாஸ்டர் டாக்குமெண்ட்' என்று முதன்மை ஆவணம் ஒன்றைத் திறந்து, 'நேவிகேட்டர்' பலகையின் வழியே ஏழு கோப்புகளையும் வரிசையாகச் சேர்க்க வேண்டும். பக்க எண் இப்போது முதலிலிருந்து கடைசி வரை தொடர்ந்து ஓடும். ஏதாவது ஒரு கோப்பில் பக்க எண் மீண்டும் 1 என்று தொடங்கினால், அந்தக் கோப்பின் முதல் பத்தியில் யாரோ அப்படிக் கட்டளை இட்டிருப்பார்கள். அதை நீக்கிவிடுங்கள். கடைசியில், முதன்மை ஆவணத்தின் முடிவில் 'அல்ஃபபெட்டிகல் இண்டெக்ஸ்' வகையைத் தேர்ந்தெடுத்துச் செருகினால் ஏழு கோப்புகளுக்கும் ஒரே சொல்லடைவு வந்துவிடும். 'காண்க' பதிவுகளை அதன் பிறகு கையால் சேர்த்தோம். சொல்லடைவை மறுபடி புதுப்பித்தால் கையால் சேர்த்தவை அழிந்துவிடும். ஆகவே அதை மிகக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் திருத்தம் ஏதும் இருந்தால் அந்தந்தத் தனிக் கோப்பில்தான் செய்ய வேண்டும்.

தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல்கள்

முதலாவது, வேற்றுமை ஏற்கும்போது சொல் மாறுவது. 'பாலம்' என்ற சொல்லைக் குறித்து, 'இதே சொல் வரும் எல்லா இடங்களுக்கும்' என்று கட்டளை தந்தோம். பாலத்தில், பாலத்தை, பாலத்துக்கு ஆகிய எதுவும் சேரவில்லை. குளம் குளத்தில் என்றும், மேடு மேட்டில் என்றும் திரியும் மொழி நம்முடையது. திரிந்த வடிவங்களையும் தனித்தனியே தேடிக் குறிக்க வேண்டும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. 'ஆறு' என்று கட்டளை தந்தபோது 'ஆறு பேர்', 'ஆறு மணி' எல்லாம் நதியாகிவிட்டன. ஆகவே தானியங்கிக் குறிப்பை ஊர்ப்பெயர், தெருப்பெயர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பொதுச் சொற்களைக் கண்ணால் பார்த்தே குறித்தோம்.

இரண்டாவது, அகர வரிசை. ஒருங்குறி அட்டவணையில் எழுத்துகள் நம் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. அங்கே 'ன' என்பது 'ந'வை அடுத்தும், 'ற' என்பது 'ர'வை அடுத்தும் வருகின்றன. வெறும் குறியீட்டு எண்ணைக் கொண்டு அடுக்கினால் 'மணல், மறுகால், மழை' என்று வரும். நம் முறைப்படி 'மணல், மழை, மறுகால்' என்பதே சரி. சொல்லடைவைச் செருகும் பெட்டியில் 'சார்ட்' என்ற பகுதியில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் ஒரு முறை கண்ணால் சரிபாருங்கள். தமிழாசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

கணினி இல்லாமலும் செய்யலாம்

முப்பருவ முறை 2012-13 கல்வியாண்டில் வந்தபோது பிள்ளைகளின் புத்தகப் பை எடை குறைந்தது. அதே சமயம் ஓர் ஆண்டின் பாடம் பல நூல்களாகப் பிரிந்தது. முதல் பருவத்தில் படித்த ஒரு கருத்து மூன்றாம் பருவத்தில் மீண்டும் வரும்போது, பழைய பக்கத்தைத் தேடிக் காண்பது மாணவருக்குக் கடினம். இதற்கு ஒருங்கிணைந்த சொல்லடைவை மாணவர்களே சீட்டு முறையில் செய்யலாம்.

பழைய நோட்டின் எழுதாத தாள்களை உள்ளங்கை அளவுச் சீட்டுகளாக வெட்டுங்கள். ஒரு சீட்டில் ஒரு சொல், அதன் கீழ் பருவமும் பக்கமும். 2:34 என்றால் இரண்டாம் பருவ நூலின் 34ஆம் பக்கம். தனித்தனிப் பக்க எண் உடைய நூல்களைச் சேர்க்கும்போது வெறும் 34 என்று எழுதினால் பயன் இல்லை என்பதை மாணவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். குழுவுக்கு ஒரு நூல் கொடுத்து, சீட்டுகளை வகுப்பின் நடுவில் சேர்த்து அகர வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு சீட்டுகள் வந்தால் ஒன்றாக்க வேண்டும். ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் வந்தால் எது தலைச்சொல் என்று விவாதிக்க வேண்டும். அகர வரிசை, கலைச்சொல், திரும்பப் படித்தல் ஆகிய மூன்றும் ஒரே செயல்பாட்டில் நடந்துவிடும்.

இது நம் முன்னோர் அறியாத வேலை அல்ல. நெல்லையைச் சேர்ந்த எஸ். வையாபுரிப் பிள்ளை 1940-இல் வெளிவந்த சங்க இலக்கியப் பதிப்பில், பல தொகை நூல்களில் சிதறிக் கிடந்த பாடல்களைப் புலவர் வாரியாக ஒன்றுசேர்த்தார். அதனால் கபிலர் பாடியவை முழுவதையும் ஓரிடத்தில் பார்க்க முடிந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் நூற் சொல்லடைவு, பல நூல்களின் சொற்களை ஒரே அகர வரிசையில் தந்தது. பிரிந்து கிடப்பவற்றைத் தேடுபவருக்காக ஒன்றுசேர்ப்பதே இவற்றின் நோக்கம்.

எங்கள் சொல்லடைவு ஐந்து பக்கங்களில் முடிந்தது. அதைச் சரிபார்க்கும்போது ஒரு படித்துறையின் பெயருக்கு எதிரே இரண்டு பக்க எண்கள் இருந்தன. இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். ஒன்று ஆறாம் வகுப்பு மாணவி எழுதியது. 1992-இல் தண்ணீர் எந்தத் திண்ணை வரை வந்தது என்று அவளுடைய பாட்டி சொன்னது அதில் இருந்தது. மற்றொன்று ஒன்பதாம் வகுப்பு மாணவன் எழுதியது. 2023-இல் அதே தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது, எந்த மணிக்கு ஏறியது என்று எழுதியிருந்தான். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இரண்டு கோப்புகளையும் தட்டச்சு செய்த ஆசிரியர்களும் மற்றதைப் படித்ததில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், அடுத்த மழையில் அந்தத் தெருவினர் எப்போது புறப்பட வேண்டும் என்பது விளங்குகிறது.

அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாய் வந்திருந்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்து கொடுத்தேன். விரலை வைத்துத் தேடி, தன் தெருவின் பெயரை அவரே கண்டுபிடித்தார். மூன்று பக்க எண்கள் இருந்தன. மூன்றையும் அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.