30 வயசுல டாக்டருக்குப் படிக்கணுமா? பேப்பர் போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

"நல்ல வேலை, நல்ல சம்பளம். ஆனாலும் மனசு டாக்டர் படிப்புலேயே இருக்கு. இப்போ போய் படிக்கலாமா?" இப்படி யோசிக்கிறவங்க நீங்க மட்டும் இல்லை. என் நண்பர் ஒருத்தர் ஐ.டி. வேலையை விட்டுட்டு நீட் கோச்சிங்ல சேர்ந்தார். முதல் வருஷம் மார்க் பத்தலை. ரெண்டாவது முயற்சிக்குப் படிச்சிட்டு இருக்கும்போதே சேமிப்பு கரைஞ்சிடுச்சு, அப்பாவுக்கு ஆபரேஷன் வேற. பழைய சம்பளத்தைவிடக் குறைவா ஒரு வேலையில திரும்பச் சேர்ந்தார்.

அவருக்குத் திறமை இல்லாம இல்லை. வேலையை விட்ட நேரம்தான் தப்பு. அதனால இந்தப் பதிவுல சொல்லப்போறது ஒரே விஷயம்: நீட் எழுதறதுக்காக வேலையை விடாதீங்க. சீட் கையில வந்த பிறகு விடுங்க. ஏன்னு கணக்கோட பார்ப்போம்.

முதல்ல, வயசு தடையா?

இல்லை. நீட் எழுத உச்ச வயது வரம்பு கிடையாதுன்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச்ல தெளிவுபடுத்திடுச்சு. அதுக்கு முன்னாடியே, 2020-ல ஒடிசாவுல ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருத்தர் 64 வயசுல அரசு மருத்துவக் கல்லூரியில எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்.

பிளஸ் டூவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவங்களுக்கும் வழி இருக்கு. பயாலஜியைக் கூடுதல் பாடமா பிறகு எழுதி பாஸ் பண்ணினாலும் நீட் எழுதலாம்னு 2023 நவம்பர்ல ஆணையம் அறிவிச்சது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணும் சேர்த்து பொதுப் பிரிவுக்கு 50 சதவீதமும், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதமும் இருக்கணும். பழைய மார்க் ஷீட்டை இன்னைக்கே எடுத்துப் பாருங்க.

ஆனா போட்டி கடுமையானது. 2025-ல நீட் எழுதினவங்க 22 லட்சத்துக்கும் மேல. நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1.2 லட்சம்தான். அதுலயும் குறைஞ்ச கட்டணம் உள்ள அரசு இடங்கள் ஏறக்குறைய பாதி. முதல் முயற்சியிலேயே கிடைச்சிடும்னு நம்பி பட்ஜெட் போடக்கூடாது.

உண்மையான செலவு ஃபீஸ் இல்லை

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில கட்டணம் வருஷத்துக்குச் சில ஆயிரங்கள்தான். "அவ்வளவுதானா?"ன்னு தோணும். ஆனா படிப்பு நாலரை வருஷம், அதோட ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். மொத்தம் 66 மாசம். தியரி வகுப்புக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வருகைப் பதிவு வேணும். அதனால பகல்ல வேலை பார்த்துக்கிட்டே படிக்கலாம்ங்கிற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். உங்க வயசு 29. கைக்கு வர்ற சம்பளம் 70,000. வீட்டுக்கு 20,000 கொடுக்கறீங்க. உங்க செலவு 15,000. மிச்சம் 35,000.

நீங்க கல்லூரிக்குப் போனாலும் வீட்டுச் செலவும் உங்க செலவும் நிக்காது. மாசம் 35,000 வீதம் 66 மாசத்துக்கு 23.1 லட்சம். இன்டர்ன்ஷிப்ல மாசம் 25,000 உதவித்தொகை வருதுன்னு வச்சுக்கிட்டா 3 லட்சம் கழியும். மீதி 20.1 லட்சம். விலைவாசி ஏறுமேன்னு கேட்பீங்க. இந்தப் பணம் எஃப்.டி.யில 6-7 சதவீத வட்டியில இருந்தா, அந்த ஏற்றத்தைப் பெரும்பாலும் அதுவே ஈடுகட்டும். அவசர நிதி, ஃபீஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து 25 லட்சத்தை இலக்கா வைங்க.

இதுல நீங்க இழக்கிற சம்பளம் வரலை. இன்கிரிமென்ட் எதுவுமே இல்லைன்னு வச்சாலும் 66 மாசத்துக்கு 46.2 லட்சம். இதுதான் இந்தப் படிப்போட நிஜமான விலை. கொடுக்கக்கூடாதுன்னு சொல்லலை. தெரிஞ்சு கொடுங்க.

3 வருஷத் திட்டம்

இன்னைக்கு உங்க கையில 10 லட்சம் சேமிப்பு இருக்குன்னு வைங்க. மாசம் 35,000 சேர்த்துட்டே வந்தா, 7 சதவீத வட்டியில 3 வருஷத்துல ரெண்டும் சேர்ந்து சுமார் 26 லட்சம் ஆகும். இலக்கு முடிஞ்சது.

கவனிச்சீங்களா? நீட் வருஷத்துக்கு ஒரு தடவை. அப்போ அதே 3 வருஷம் உங்களுக்கு 3 முயற்சி. காலையில ரெண்டு மணி நேரம், சனி ஞாயிறு முழுசா. 720 மார்க்ல 360 பயாலஜிக்கு மட்டும், அங்கிருந்து தொடங்குங்க. மூணு தடவையும் கிடைக்கலைன்னாலும் வேலையும் இருக்கும், 26 லட்சமும் இருக்கும். கிடைச்சா 32 வயசுல சேர்ந்து, முப்பத்தேழரை வயசுல எம்.பி.பி.எஸ். டாக்டரா வெளியே வருவீங்க.

முன்னாடியே சீட் கிடைச்சு பணம் முழுசா சேரலைன்னா, குறையிற தொகைக்குக் கல்விக் கடன் பத்தி யோசிக்கலாம். அந்த மதிப்பெண் அந்த வருஷ அட்மிஷனுக்குத்தான் செல்லும்ங்கிறதையும் மறக்காதீங்க.

தனியார் கல்லூரின்னா?

மேனேஜ்மென்ட் கோட்டாவுல வருஷத்துக்கு 10 லட்சம்னு குறைச்சு வச்சாலே நாலரை வருஷத்துக்கு 45 லட்சம். அதை 10 சதவீத வட்டியில 15 வருஷக் கடனா எடுத்தா இ.எம்.ஐ. சுமார் 48,000. படிக்கும்போது ஏறுற வட்டி தனி. தமிழ்நாடு அரசுல உதவி மருத்துவரோட தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. 38 வயசுல, வீட்டுப் பொறுப்போட, இந்த இ.எம்.ஐ. கழுத்தை நெரிச்சிடும். முதுகலை படிக்கணும்னா இன்னும் 3 வருஷம். என் கருத்து: கடன் வாங்கி மேனேஜ்மென்ட் சீட் வேண்டாம்.

ரிசைன் பண்றதுக்கு முன்னாடி செக்லிஸ்ட்

1. இன்ஷூரன்ஸ்: கம்பெனி பாலிசி வேலையோட போயிடும். அப்பா அம்மாவுக்குத் தனி ஹெல்த் பாலிசி இப்பவே எடுங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருப்புக் காலம் இருக்கலாம். நம்ம 3 வருஷத் திட்டத்துக்குள்ள அது முடிஞ்சிடும்.
2. கடன்: பர்சனல் லோன், கார் லோன், கிரெடிட் கார்டு பாக்கி எதுவும் இருக்கக்கூடாது.
3. பி.எஃப்.: 5 வருஷ சர்வீஸ் முடியாம எடுத்தா வரி வரும். அவசரப்பட்டுத் தொடாதீங்க.
4. கிராஜுவிட்டி: 5 வருஷம் முடிய சில மாசம்தான் பாக்கின்னா, தேதியைப் பார்த்து பேப்பர் போடுங்க.
5. பணம் இருக்க வேண்டிய இடம்: மாசாமாசம் எடுத்துச் செலவு பண்ணப்போற பணம் இது. முதல் 3 வருஷச் செலவுப் பணத்தைப் பங்குச் சந்தையில வைக்காதீங்க.
6. கல்லூரி விதிகள்: பாதியில விட்டா எவ்வளவு கட்டணும்னு ப்ராஸ்பெக்டஸ்ல படிங்க. முதல் வருஷத் தேர்வுக்கு 4 முயற்சிதான். மொத்தப் படிப்பையும் 9 வருஷத்துக்குள்ள முடிக்கணும்.
7. அதுக்கப்புறம் வேலை: படிக்க வயசு வரம்பு இல்லை. ஆனா அரசு வேலைக்கு உங்க பிரிவுக்கு வரம்பு இருக்கலாம். பழைய அறிவிப்பை எடுத்துப் பாருங்க.

கடைசியா ஒண்ணு

இந்தக் கணக்கை நீங்க மட்டும் போட்டா பத்தாது. உங்க சம்பளத்தை நம்பி இருக்கிறவங்களோட உட்கார்ந்து போடுங்க. தங்கச்சி கல்யாணம், அப்பாவோட ரிட்டயர்மென்ட், உங்க கல்யாணம், குழந்தை... இந்த 66 மாசத்துல எது வந்தாலும் உங்ககிட்ட சம்பளம் இருக்காது. "நாங்க பார்த்துக்கிறோம், நீ படி"ன்னு வீட்டுல சொன்னா, எந்தச் செலவை யார் பார்த்துக்கிறாங்கன்னு பேப்பர்ல எழுதுங்க.

என் நண்பர் இப்போ மறுபடியும் படிக்கிறார். இந்தத் தடவை வேலையை விடலை. மாசம் ஒண்ணாம் தேதி ஆர்.டி.க்குப் பணம் போன பிறகுதான் புத்தகத்தையே திறக்கிறாராம்!

உங்க வீட்டுச் செலவை வச்சு உங்க 66 மாசத் தொகையைக் கணக்குப் போட்டுப் பாருங்க.