தேயிலையும் பாலும் – உயிர் ஓம்பும் நெறியில் ஒரு வினா

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில், பனி விலகுமுன் லயத்து வீடுகளில் மூட்டப்படும் முதல் அடுப்பு தேநீருக்கானது. அத்தேநீரில் மூன்று பொருள்கள் கலக்கின்றன. கொழுந்து தேயிலைச் செடி தந்தது. சர்க்கரை கரும்பு தந்தது. பால் பசு தந்தது. முன்னிரண்டையும் பற்றி எவரும் ஐயுறுவதில்லை. மூன்றாவதைப் பற்றியும் தமிழ் மக்கள் நெடுங்காலம் ஐயுற்றதில்லை. புலாலை விலக்கியவன் சைவன். அவன் பாலும் தயிரும் நெய்யும் கொள்ளலாம் என்பதே நம்மிடையே நிலைத்த வழக்கு. அவ்வழக்கையே வினாவுக்கு உட்படுத்தும் நெறியொன்று இன்று உலகெங்கும் பரவி வருகின்றது. அதனைத் தமிழில் ‘நனிசைவம்’ என்கின்றனர்.

வகுப்பில் புலால் மறுத்தல் அதிகாரம் நடைபெறும்பொழுது, “அப்படியானால் பால் குடிக்கலாமா, சார்?” என ஒரு மாணவன் கேட்டால் ஆசிரியர் என்ன விடை பகர்வார்? நகைத்து ஒதுக்கத்தக்க வினா அன்று அது. தமிழ் நூல்களே அவ்வினாவுக்குப் பாதி வழியைக் காட்டியுள்ளன.

சொல்லும் பொருளும்

நனி என்பது உறு, தவ என்பவற்றோடு சேர்த்து மிகுதிப் பொருளில் தொல்காப்பியம் கூறும் உரிச்சொல். எனவே நனிசைவம் என்பது சைவ உணவு நெறியின் மிகுதிநிலை எனப் பொருள்படும். 1944-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இங்கிலாந்து நாட்டில் டொனால்ட் வாட்சன் என்பாரும் அவர்தம் நண்பர் சிலரும் இதற்கெனத் தனிச் சங்கம் கண்டனர். புலால் உண்ணாதோர் பாலும் முட்டையும் உண்பது கொள்கைக்குப் பொருந்துமா என்பதே அவர்களைப் பிரித்த வினா. உணவு, உடை முதலிய எத்தேவைக்காகவும் விலங்குகளைத் துன்புறுத்துவதையும் சுரண்டுவதையும் ‘இயன்ற அளவு’ விலக்குதல் என்று அச்சங்கம் பின்னாளில் இந்நெறிக்கு வரையறை வகுத்தது. ‘இயன்ற அளவு’ என்னும் அடை மிக இன்றியமையாதது. அஃது இல்லையேல் இந்நெறியில் நிற்கக்கூடிய மனிதர் எவரும் இலர்.

விற்போனும் வாங்குவோனும்

கொன்றவன் வேறு, தின்பவன் வேறு. தின்பவனுக்குக் கொலைப்பழி இல்லை என்பது பழைய வாதம். வள்ளுவர் இதற்கு வணிகத்தின் வழியில் விடை கூறினார். தின்னும் பொருட்டு உலகம் வாங்காதாயின், விலைக்கு ஊன் தருவாரும் இலராவர் என்பது அவர் கருத்து. நீலகேசி என்னும் சமணக் காப்பியமும், தாம் கொல்லாது பிறர் கொன்ற ஊனை உண்பதில் குற்றமில்லை என்ற பௌத்தரோடு இது குறித்தே வாதிடுகின்றது. தேவை பிறந்த இடத்திலேயே வினையும் பிறக்கின்றது என்னும் இக்கருத்து, இற்றை நனிசைவர் வைக்கும் வாதத்தின் உயிர்நாடியாகும். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது தமிழில் சொல்லப்பட்டு விட்டது.

ஆயினும் வள்ளுவரை நனிசைவர் எனக் கூறிவிட இயலாது. பாலொடு தேன் கலந்த இனிமையை அவர் காமத்துப்பாலில் உவமையாக எடுத்தாண்டுள்ளார். அவற்றை விலக்குமாறு அவர் எங்கும் கூறவில்லை. புலால் மறுத்தல், கொல்லாமை ஆகிய இரண்டு அதிகாரங்களும் துறவறவியலில் அமைந்திருப்பதையும் ஆசிரியர்கள் அறிவர். சமணரோ பாலைக் கொண்டனர்; தேனை விலக்கினர். ஆகவே, எல்லைக்கோடு ஒவ்வொரு நெறியிலும் ஒவ்வோர் இடத்தில் வரையப்பட்டது. கோடு வேண்டும் என்பதில் மட்டும் அவர்களிடையே வேற்றுமை இல்லை.

பாலின் கணக்கு

பசு பாலுக்காக ஈனுவதில்லை. ஈன்றதனால் பால் சுரக்கின்றது. ஏறத்தாழ ஒன்பது மாதம் சூல் கொண்டு ஈன்ற பசு, பத்து மாத அளவு கறக்கும். பால் தொடர்ந்து வேண்டுமாயின் மீண்டும் மீண்டும் ஈன வேண்டும். பிறக்கும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்றுகள். உழவும் வண்டியும் இருந்த காலத்தில் அவற்றுக்கு வேலை இருந்தது. இன்றைய பெரும் பாற்பண்ணையில் அவற்றுக்கு இடம் இல்லை. பெரும்பாலும் அவை இறைச்சிக்கே செல்கின்றன. கறவை ஓய்ந்த பசுவின் முடிவும் அதுவே. எனவே பாற்பண்ணையும் இறைச்சிக் கடையும் ஒரே தெருவின் இரு முனைகள் என்னும் நனிசைவரின் கூற்றை எளிதில் மறுக்க இயலாது.

மலாயாத் தோட்டங்களில் குடியேறிய தமிழர் பலர் லயத்தின் பின்புறம் ஓரிரு மாடுகளை வளர்த்தனர். முதலில் கன்றை ஊட்டவிட்டு, எஞ்சியதைக் கறப்பது வழக்கம். மாட்டுக்குப் பெயர் உண்டு; பொங்கலில் மாலை உண்டு. இவ்வீட்டுப் பசுவையும் பெரும் பண்ணையின் பசுவையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நடுவுநிலைமை ஆகாது. ஆனால் இன்று கேமரன் மலைக் கடைகளில் தேநீரில் ஊற்றப்படுவது பெரும்பாலும் லயத்துப் பசுவின் பால் அன்று. தகரக் குவளையில் அடைத்த இனிப்புப் பால். அவற்றுள் பலவற்றில் பாற்கொழுப்புக்கு மாற்றாகச் செம்பனை எண்ணெய் சேர்க்கப்படுகின்றது. வீட்டுப் பசுவை நினைத்துக்கொண்டு தகரப்பாலுக்கு நியாயம் கூறுவது பொருந்தாது.

செடியின் பக்கம்

“செடிக்கும் உயிர் உண்டே, அதனை உண்ணலாமா?” என்பது நனிசைவரை நோக்கி எழும் எதிர்வினா. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் வகுத்து, புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு ஒன்றே உடைய ஓரறிவுயிர் என்றது. வடலூர் இராமலிங்க அடிகளார் (1823–1874) சீவகாருணிய ஒழுக்கத்தில் இவ்வினாவை நேரே எடுத்துக்கொண்டார். விதை, காய், கனி, இலை முதலியவற்றைக் கொள்ளுதல், உடம்பிலிருந்து நகமும் மயிரும் களைவது போன்றது. அதனால் உயிருக்குத் துன்பம் இல்லை என்பது அவர் விடையின் சாரம். நீரின்றிச் சோர்ந்த பயிருக்கும் இரங்கியவர் கூறிய விடையாதலின் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இவ்விடைக்குத் தேயிலைச் செடி நல்ல சான்று. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கிள்ளுவதால் செடி மடிவதில்லை, மீண்டும் துளிர்க்கின்றது. கொய்யாமலும் கவ்வாத்துச் செய்யாமலும் விட்டால் அது மரமாக ஓங்கும். 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் கேமரன் மலையில் போ தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலைச் செடி முறையாகப் பேணப்பட்டால் பல்லாண்டுகள் கொழுந்து தரவல்லது. கொல்லாமற் கொள்ளுதல் என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டை மாணவர்க்குக் காட்டுவது அரிது.

எனினும் செடியுணவு முற்றும் தூயது என்று இறுமாக்கவும் இடமில்லை. தேயிலை நிற்கும் சரிவுகள் முன்பு காடாக இருந்தவை. பக்கத்துக் குன்றுகளில் முட்டைக்கோசும் தக்காளியும் விளையும் காய்கறித் தோட்டங்களில் கோழி எரு நெடுங்காலமாகப் பெரிதும் இடப்பட்டு வந்துள்ளது. அதனால் ஈக்கள் பெருகி, பதப்படுத்தாத எருவைத் தடுக்க வேண்டிய நிலையும் ஏற்பட்டது. ஆகவே, நனிசைவர் உண்ணும் கீரைக்குப் பின்னாலும் கூட்டில் அடைபட்ட கோழி நிற்கின்றது. சரிவுகளைச் சுரண்டி நிலம் திருத்துவதால் மண் கரைந்து ஆற்றில் கலக்கின்றது. ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணையில் வண்டல் படிவது நெடுநாளைய சிக்கல். பாலை விலக்கிச் செம்பனை எண்ணெயை ஏற்றவரும், அவ்வெண்ணெய்க்காக அழிந்த காட்டில் யானையும் மனிதக்குரங்கும் வாழ்ந்தன என்பதை மறத்தல் ஆகாது.

பட்டும் தோலும்

உணவோடு இவ்வினா முடிவதில்லை. கூட்டுப்புழுவை உயிரோடு வெந்நீரிலோ ஆவியிலோ இட்டுக் கொன்ற பின்னரே, அறுபடாத பட்டிழை எடுக்கப்படுகின்றது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து நூற்கும் முறையை ஐதராபாத்தைச் சேர்ந்த குசுமா ராஜய்யா வளர்த்தெடுத்தார். மிருதங்கத்துக்கு மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல் வேண்டும். புலால் தொடாதவர் அமர்ந்து பாடும் பஜனையிலும் அத்தோல் ஒலிக்கின்றது. இதனை எடுத்துக்காட்டுவது எவரையும் இழித்துரைப்பதற்கன்று. தூய்மை பேசுவோர், தம் கைக்கு எட்டாத தொலைவில் பிறர் செய்யும் கொலையையும், அதனைச் செய்வோரின் உழைப்பையும் கண்திறந்து காண வேண்டும் என்பதற்கே.

மனிதனும் ஓர் உயிரே

இவ்வாராய்ச்சியில் மறக்கப்படும் உயிர் ஒன்று உண்டு. அது கொழுந்து பறிக்கும் மனித உயிர். கேமரன் மலைத் தோட்டங்களை உருவாக்கிய உழைப்பில் பெரும்பங்கு தமிழருடையது. இன்று அச்சரிவுகளில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் மிகுதியாக உழைக்கின்றனர். பால் சேராத தேநீரை அருந்திவிட்டு, அதனைப் பறித்தவரின் கூலியையும் குடியிருப்பையும் பற்றிக் கவலாதிருப்பவரின் கருணை பாதிக் கருணையே. அடிகளார் 1867-ஆம் ஆண்டில் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி, பசித்தவர்க்கு உணவிடுதலையே சீவகாருணியத்தின் தலையாய செயலாகக் கொண்டார். அங்கு மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

மற்றொன்றையும் ஆசிரியர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வைட்டமின் பி12 என்னும் சத்து செடியுணவிலிருந்து நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. நனிசைவம் மேற்கொள்வோர் அதனை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ கொண்டே ஆக வேண்டும். வளரும் பிள்ளைகளிடத்து இதில் சிறிதும் அசட்டை கூடாது. வீட்டில் கிடைப்பதை உண்டு பள்ளிக்கு வரும் தோட்டத்துப் பிள்ளையிடம், அவன் உண்ட உணவு குற்றம் எனக் கூறுவது அறமும் ஆகாது, கல்வியும் ஆகாது. தந்தை கோழி வளர்ப்பவராக இருக்கலாம்; முனியாண்டி கோயிலில் கிடாய் வெட்டும் குடும்பமாகவும் இருக்கலாம். அவன் முன்னிலையில் குறளை நடத்துவது அவன் வீட்டைப் பழிப்பதற்கன்று. அவனைச் சிந்திக்கத் தூண்டுவதற்கே.

விடை

அவ்வாறாயின் மாணவனின் வினாவுக்கு விடை யாது? பால் குடிப்பவன் கொலைஞன் என்பதும் தவறு. பாலுக்கும் கொலைக்கும் தொடர்பே இல்லை என்பதும் தவறு. வள்ளுவர் காலத்துப் பாலும் இன்றைய தகரப்பாலும் ஒன்றல்ல. ஆனால் வாங்குவோனையும் பொறுப்பாக்கிய அவர் அளவுகோல் இன்றும் அதுவே. அவ்வளவுகோலைப் பாலுக்கும் பட்டுக்கும் தோலுக்கும் கீரைக்கும் தேயிலைக்கும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் துணிவு வேண்டும். பார்த்தபின், தம்மால் இயன்ற ஒன்றை விலக்குவோர் விலக்கட்டும். சிலருக்கு அது புலாலாக இருக்கும்; சிலருக்குப் பட்டாக இருக்கும்; சிலருக்குத் தேநீரில் ஊற்றும் பாலாக இருக்கும். மலேசியத் தேநீர்க் கடையில் ‘தே ஓ’ என்று கேட்டால் போதும். பால் கலவாத தேநீர் வந்துவிடும். விலக்க இயலாதவர், தாம் உண்பது எங்கிருந்து, எவ்வுயிரின் துன்பத்தில், எவர் உழைப்பில் வந்தது என்பதையேனும் அறிந்து உண்ணட்டும். அறியாது உண்ட நெடும் பழக்கத்தை அறிந்து உண்ணும் பழக்கமாக மாற்றுதலே, புலால் மறுத்தல் அதிகாரத்தை நடத்தும் ஆசிரியர் வகுப்பறையில் செய்யத்தக்க முதற்பணியாகும்.