மசக்கையும் நோயும்: கர்ப்பத்தின் ஆரம்பத்தில் வரும் கடும் வாந்தி பற்றி

பழந்தமிழில் 'வயா' என்றொரு சொல் உண்டு. தொல்காப்பிய உரியியல் அதற்கு வேட்கை மிகுதி என்று பொருள் சொல்கிறது. குறுந்தொகையில் நிறைசூலிப் பெண்கள் பச்சைப் புளிக்கு ஆசைப்படுகிறார்கள். சேரனின் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாது, கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்டால்தான் உண்டு என்று புறநானூற்றில் குறுங்கோழியூர் கிழார் பாடுகிறார். வகுப்பில் இவற்றைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கட வீடுகளிலும் 'மசக்கை' என்றால் மாங்காய், புளி, ஆசை, பெரியவர்களின் புன்சிரிப்பு இவைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். குடித்த ஒரு மிடறு தண்ணீரும் தங்காமல், படுக்கையை விட்டு எழும்ப முடியாமல் ஒரு பெண் கிடந்தால் அதற்கென்று நம்மிடம் தனிச்சொல் இல்லை. அதையும் 'மசக்கை' என்றே சொல்லிவிடுகிறோம். சொல் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது: "மூணு மாசம் பொறுத்துக்கோ புள்ள, எல்லாம் செரியாகும்."

பெரும்பாலானோருக்கு அது சரியாகத்தான் போகிறது. கர்ப்பிணிகளில் பெரும் பங்கினருக்குக் குமட்டலோ வாந்தியோ இருக்கும். நாலாம், ஐந்தாம் கிழமையில் தொடங்கி, ஒன்பதாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல அடங்கும். ஆனால் நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை வேறொரு நிலைக்குப் போகிறார்கள். மருத்துவர்கள் அதை 'ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம்' என்கிறார்கள். கர்ப்பகாலக் கடும் வாந்தி என்று தமிழில் சொல்லலாம். உடல் நிறையில் நூற்றுக்கு ஐந்து குறைந்துபோவது இதன் முக்கிய அடையாளங்களில் ஒன்று. ஐம்பது கிலோ இருந்த பெண் நாற்பத்தேழரைக்கு வந்துவிட்டால், அது இனிப் 'பொறுத்துக்கொள்ளும்' விஷயமல்ல.

'ஜேன் அயர்' நாவலை எழுதிய ஆங்கில எழுத்தாளர் சார்லட் பிரான்டி 1855 மார்ச் 31 இல் தனது 38 ஆவது வயதில் இறந்தார். திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, கர்ப்பமாக இருந்தார். மரணச் சான்றிதழில் காசநோய் என்று எழுதியிருந்தாலும், கடைசி மாதங்களில் அவரை வாட்டிய ஓயாத குமட்டலையும் வாந்தியையும் பார்த்து, இந்த நோய்தான் காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். 2012 டிசம்பரில் இளவரசர் வில்லியமின் மனைவி கேத்தரின் இதே நோயுடன் லண்டனில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அடுத்த இரண்டு கர்ப்பங்களிலும் அவருக்கு அது திரும்பவும் வந்தது. இரண்டு பேருக்கும் இடையில் நூற்றைம்பது வருட மருத்துவம் இருக்கிறது. சேலைன் அதில் பெரிய பங்கு.

இனி ஊருக்கு வருவோம். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வீதியால் தெற்கே போனால் சிலாவத்தை, அளம்பில், செம்மலை தாண்டி நாயாறு வரும். களப்பு கடலோடு சேரும் இடம். மீன் பருவத்தில் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துத் தொழிலாளர்களும் வந்து வாடி அடிப்பார்கள். கரையில் எங்கு பார்த்தாலும் கருவாடு காயும். கடும் வாந்தி உள்ள பெண்ணுக்கு மணம்தான் பெரிய எதிரி. நகரத்தில் இருப்பவளுக்கு 'பொரிக்கிற மணத்திலிருந்து தள்ளி இரு' என்று சொல்லிவிடலாம். கருவாட்டு வாடியில் வாழ்பவள் எங்கே தள்ளியிருப்பது? மாவட்டப் பொது வைத்தியசாலை வடக்கே மாஞ்சோலையில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சத்தி எடுக்கும் பெண்ணை அந்த வீதியால் பஸ்ஸிலோ ஓட்டோவிலோ கொண்டுபோவதென்றால் வீட்டுக்காரர் யோசிக்கத்தான் செய்வார்கள். அந்த யோசனைக்குக் கைகொடுப்பது 'சும்மா மசக்கதானே' என்ற பேச்சு.

தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் பக்கத்து எங்கட குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து, 2009 இற்குப் பிறகு திரும்பியவர்களில் பலருக்கு வாழ்க்கை இரண்டு இடத்தில். கணவன் இங்கே, உம்மா வீடு அங்கே. பெண் கருவுற்றதும் எங்கே பதிவது என்று தீர்மானிக்காமலே நாள் போகிறது. கர்ப்பிணி எட்டாம் கிழமைக்கு முன்பே குடும்பநல உத்தியோகத்தரிடம், ஊர்ப் பேச்சில் மிட்வைஃபிடம், பதிய வேண்டும் என்பதுதான் நாட்டின் ஏற்பாடு. இந்த நோய் கடுமையாவதும் அதே கிழமைகளில்தான். பதியாத பெண்ணின் வீட்டுக்கு மிட்வைஃப் வரமாட்டார், அவளுடைய முதல் நிறை எவ்வளவு என்று எந்தக் கார்டிலும் இருக்காது. எவ்வளவு குறைந்தது என்று பிறகு எதை வைத்துச் சொல்வது? எந்த ஊரில் இருக்கிறாளோ அந்த ஊரில் முதலில் பதியட்டும். கர்ப்பிணிப் பதிவேடு அவள் கையில்தான் இருக்கும், புத்தளம் போனால் அதுவும் கூடப் போகும்.

காரணம் என்ன என்ற கேள்விக்கு நெடுங்காலம் சரியான பதில் இல்லை. தாய் தன் மனதின் ஆழத்தில் கருவை வெறுப்பதன் வெளிப்பாடு இது என்று உளப்பகுப்பாய்வுக்காரர்கள் சொன்ன காலமும் இருந்தது. நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. இங்கே கண்ணூறு என்பார்கள், செல்லம் என்பார்கள், வேலைக்கள்ளி என்று மாமி சொல்லாமல் சொல்வார்.

2023 டிசம்பரில் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த ஆய்வு இந்தப் பேச்சுக்கெல்லாம் பதில் சொன்னது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மார்லீனா ஃபெய்ஸோவும் கேம்பிரிட்ஜ் ஸ்டீபன் ஓ'ராஹிலியும். ஃபெய்ஸோ 1999 இல் இதே நோயால் தன் குழந்தையைக் கருவிலேயே இழந்தவர். ஜி.டி.எஃப். 15 என்றொரு ஓமோனை வளரும் கருவும் சூல்வித்தகமும், அதாவது நஞ்சுக்கொடியும், தாயின் இரத்தத்துக்குள் அனுப்புகின்றன. அது மூளையின் பின்பகுதியில் போய்க் குமட்டலைக் கிளப்புகிறது. கர்ப்பத்துக்கு முன் இந்த ஓமோன் யாருடைய உடலில் மிகக் குறைவாக இருந்ததோ, அவருக்கு அது திடீரெனக் கூடும்போது தாங்க முடிவதில்லை. முன்பே அதிகமாக இருந்தவருக்குப் பழகிப்போயிருக்கும்.

இந்தப் பழகிப்போதலுக்கு ஒரு சாட்சி எங்கட நாட்டிலிருந்து போனது என்பது பலருக்குத் தெரியாது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களுக்கு வாழ்நாள் முழுக்க இந்த ஓமோன் உயர்ந்தே இருக்கும். இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து அப்படிப்பட்ட பெண்களிடம் விசாரித்தபோது, கர்ப்பத்தில் அவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் மிகக் குறைவாகவே இருந்தன. ஆக, இது உடலின் வேதியியல். மருமகளின் குணத்தோடு சம்பந்தமில்லை.

எப்போது போக வேண்டும்? ஒரு பகல் ஒரு இரவு முழுக்க எதுவும், தண்ணீர்கூட, தங்கவில்லை என்றால். எட்டு மணித்தியாலமாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது போவது கடும் தேயிலைச் சாயம் போல இருக்கிறது என்றால். எழும்பினால் தலைசுற்றி விழப்பார்த்தால், வாந்தியில் இரத்தம் கண்டால், கூடவே காய்ச்சலோ வயிற்று வலியோ சிறுநீர் எரிவோ இருந்தால். இதில் ஒன்று போதும், எல்லாம் சேரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வாந்தி பதினாறாம் கிழமைக்குப் பிறகுதான் முதன்முதலாகத் தொடங்கினால் அதை இந்தக் கணக்கில் போடவே கூடாது, வேறு நோயாக இருக்கக்கூடும். போக வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. அந்த இலக்கம் வடக்கு முஸ்லிமுக்கு வேறொன்றையும் ஞாபகப்படுத்தும், அது இருக்கட்டும். இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அந்த நிலைக்கு வராதவர்கள் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. படுக்கையை விட்டு எழும்பு முன்பே ஒரு காய்ந்த பிஸ்கட், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பாடு, சாப்பிடும்போது குடிக்காமல் இடைநேரத்தில் மிடறு மிடறாகக் குடிப்பது, இஞ்சி, ஜீவனி. இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டினால் கிளினிக்கில் சொல்லுங்கள், சில காலம் நிறுத்தச் சொல்வார்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் முடிந்தவரை விடக்கூடாது. சமையலை வேறு யாராவது செய்யட்டும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், பிறகு சொல்வது நல்லதென்று பட்டது.

ஆஸ்பத்திரியில் சிறுநீரும் இரத்தமும் பார்ப்பார்கள், ஸ்கேன் செய்வார்கள். இரட்டைக் குழந்தையாக இருந்தாலும், கரு சரியாக வளராமல் முத்துப்பிள்ளையாக மாறியிருந்தாலும் வாந்தி கடுமையாகும் என்பதால் ஸ்கேன் முக்கியம். பிறகு சேலைன், பொட்டாசியம் குறைந்திருந்தால் அது, வாந்தியை நிறுத்தும் ஊசி.

இங்கே ஒரு விஷயத்தில் நின்று பேச வேண்டும். எங்கட ஆட்களுக்கு 'குளுக்கோஸ் ஏத்தினா தெம்பு வரும்' என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. பக்கத்துக் கிளினிக் ஒன்றில் காசு கொடுத்து ஒரு போத்தல் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவார்கள். ஆனால் கிழமைக்கணக்காகச் சாப்பிடாத உடலில் தயமின் என்ற விற்றமின் பீ 1 தீர்ந்துபோயிருக்கும். உடலில் அதன் சேமிப்பு இரண்டு மூன்று கிழமைக்குத்தான். தீட்டிய வெள்ளரிசிக் கஞ்சியில் முன்பும் அது பெரிதாக இருந்திருக்காது. அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருந்த கொஞ்சத்தையும் அது செலவழித்துவிடும். மூளை பாதிக்கப்படும். வேர்னிக்கி என்ற பெயரால் அறியப்படும் அந்தப் பாதிப்பில் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், கண் ஒருபக்கமாக ஆடும், நடை தள்ளாடும், ஆள் தடுமாறிக் குழம்பிப் பேசுவாள். இந்த அறிகுறிகளை மறுபடி வாசியுங்கள். எங்கட ஊரில் இப்படியொரு பெண்ணைக் கண்டால் என்ன சொல்வார்கள்? ஜின் என்று சொல்ல யாராவது ஒருவர் வந்தே தீருவார். தயமின் ஊசி மணிக்கணக்கில் போட வேண்டியது. தாமதமானால் ஞாபகசக்தி நிரந்தரமாகவே போகலாம். ஓதிப் பார்க்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அம்புலன்ஸுக்குள் இருந்தும் ஓதலாம். டொக்டரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் குடுத்தீங்களா டொக்டர்?" இதைக் கேட்டதற்காக யாரும் கோபிக்கமாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

'கர்ப்பத்தில் மருந்தே கூடாது' என்பது இன்னொரு தடை. இந்தப் பயம் வெறும் அறியாமை அல்ல. 1957 இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்ற மாத்திரையைக் காலைக் குமட்டலுக்காகக் குடித்த தாய்மாருக்குக் கைகால் வளராத குழந்தைகள் பிறந்தன. 1961 இல் அது நிறுத்தப்படுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை. டொக்ஸிலமினும் விற்றமின் பீ 6 உம் சேர்ந்த மாத்திரையை அமெரிக்காவில் வழக்குகளுக்குப் பயந்து 1983 இல் கம்பனியே நிறுத்தியது. மருந்தில் குற்றம் காணப்படவில்லை. முப்பது வருடம் கழித்து, 2013 இல், அதே சேர்க்கைக்கு அங்கே மறுபடி அனுமதி கிடைத்தது. ஒண்டன்செட்ரோன் என்ற மருந்தில் ஒரு சிறு ஐயம் உண்டு: முதல் மூன்று மாதத்தில் எடுத்தால் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு பத்தாயிரம் பிறப்புகளில் பதினொன்றிலிருந்து பதினாலாகலாம். அந்த மூன்றை ஒரு தட்டிலும், தண்ணீரும் தங்காமல் வற்றிப்போகும் தாயை மறு தட்டிலும் வைத்து நிறுப்பதுதான் டொக்டரின் வேலை. பக்கத்து வீட்டு ராத்தா அதைச் செய்ய முடியாது.

நோன்பு மாதத்தில் இது வந்தால்? தானாக வரும் வாந்தி நோன்பை முறிக்காது என்ற சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, 'அப்ப பிடிக்கலாந்தானே' என்று தொடரும் பெண்கள் இருக்கிறார்கள். நோன்பு முறிகிறதா என்பது வேறு கேள்வி, பிடிக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. கர்ப்பிணிக்குச் சலுகை உண்டென்பது தெளிவாகச் சொல்லப்பட்ட விஷயம். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், தன் உடலுக்குப் பயந்து விட்டால் பிறகு கழாச் செய்தால் போதும். குழந்தைக்காக மட்டும் பயந்து விட்டால் கழாவோடு பித்யாவும் சேரும். கடும் வாந்தியில் கிடப்பவள் முதல் வகையில் வந்துவிடுகிறாள். ஆண் டொக்டர் என்பதற்காகப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்ளும் கணவன்மாருக்கும் நிர்ப்பந்தம் பற்றிய சட்டம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதென்றால் பள்ளிவாசலில் கேட்கட்டும், ஆனால் அவளை ஏற்றிவிட்டுப் போய்க் கேட்கட்டும்.

பெரும்பாலானோருக்கு இருபதாம் கிழமையளவில் நோய் அடங்கிவிடும், சிலருக்குப் பிரசவம் வரை இழுக்கும். ஒருமுறை வந்தவளுக்கு அடுத்த கர்ப்பத்திலும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகையால் அடுத்த தடவை மாதவிடாய் தள்ளிப்போன கிழமையிலேயே மிட்வைஃபிடம் சொல்லி, நிறையைப் பார்த்துக் கார்டில் எழுதுவித்து, போன தடவை எந்த மருந்து கேட்டது என்று டொக்டரிடம் காட்ட பழைய டயக்னோசிஸ் கார்டையும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். வாந்தி முற்றும் வரை பார்த்திருக்காமல் ஆரம்பத்திலேயே மாத்திரையைத் தொடங்கினால், இரண்டாம் தடவை அவ்வளவு தூரம் போகாமல் தடுக்கப் பல வேளை முடிகிறது.