மறைந்து ஏமாற்றும் கட்டி

மூளையில் கட்டி, அதைச் சுற்றி வீக்கம் என்றால் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் போடுவது நரம்பியல் வார்டுகளில் அன்றாட வழக்கம். வீக்கம் வற்றும், தலைவலி விடும். ஆனால் சிலருக்கு மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தால் வீக்கத்தோடு கட்டியையும் காணோம். வீட்டார் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது பலித்தது என்பார்கள். டாக்டருக்கு அப்போதுதான் கவலை பிடிக்கும்.

ஸ்டீராய்டில் இப்படிக் கரையும் கட்டி என்றால் முதல் சந்தேகம் லிம்போமா மீதுதான். நோய்க்கிருமிகளோடு போராட வேண்டிய பி-செல் என்னும் வெள்ளையணுக்களே கட்டுக்கடங்காமல் பெருகி உருவாகும் புற்றுநோய் அது. ஸ்டீராய்டு பட்டால் இந்த அணுக்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். எல்லாம் அல்ல, பெரும்பாலானவை. மிஞ்சியவை சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி தலைதூக்கும், சில சமயம் மூளையின் வேறொரு மூலையில். இடைப்பட்ட காலத்தில் ஊசி செலுத்தி பயாப்சி எடுத்தால் செத்த அணுக்களும், அவற்றைத் தின்று தீர்க்கும் துப்புரவு அணுக்களும்தான் கிடைக்கும். நோயியல் நிபுணர் எதை வைத்துப் பெயர் சொல்வார்? அதனால்தான், ஸ்கேனில் லிம்போமா சாயல் தெரிந்து, உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லையென்றால், பயாப்சி முடியும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போடுகிறார்கள்.

கண்ணிலும் இதே நாடகம் உண்டு. பார்வையில் புள்ளிகள் மிதக்கின்றன, மங்கலாகத் தெரிகிறது என்று கண் டாக்டரிடம் போவார்கள். கண் அழற்சி என்று ஸ்டீராய்டு கொடுக்கப்படும், கொஞ்சம் தேறும், பிறகு திரும்பும். விழித்திரையும் மூளையின் நீட்சிதான் என்பதால் அங்கும் இந்த லிம்போமா குடியேறும். தண்டுவடத்திலேயே தொடங்குவது அபூர்வம். தொடங்கினால் கால் தளரும், சிறுநீர் கட்டுப்பாடு போகும்.

பயாப்சியில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவே ஒரு சிறு ரத்தக்குழாய். அதைச் சுற்றி, பெரிய கருமையான உட்கரு கொண்ட அணுக்கள் அடுக்கடுக்காக மொய்த்திருக்கும். குழாய்களை ஒட்டியே மூளைக்குள் ஊடுருவும் நோய்க்கு எல்லை ஏது? அறுவை சிகிச்சையில் முழுசாக வெட்டியெடுக்க முடிவதில்லை. மருந்துதான் வழி.

அங்கேதான் அடுத்த சிக்கல். எளிதில் உள்ளே போகும் ஸ்டீராய்டால் நோயைத் தீர்க்க முடியவில்லை. உடலின் வேறு இடங்களில் இதே வகை லிம்போமாவை ஒழிக்கும் பல மருந்துகளை ரத்த-மூளைத் தடுப்பு உள்ளே விடுவதில்லை. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தும் சாதாரண அளவில் போதுமான அளவு போய்ச் சேராது. எனவே வெள்ளமாகப் பாய்ச்சுகிறார்கள். மூட்டுவாதக்காரர் வாரத்துக்கு 15 மில்லிகிராம் போல விழுங்கும் அதே மருந்து, இங்கே உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 3 கிராமோ அதற்கு மேலோ. அப்படியே விட்டால் எலும்பு மஜ்ஜையும் குடலும் தாங்காது. சுமார் 24 மணி நேரம் கழித்து லூகோவோரின் என்ற மாற்று மருந்து ஏற்றப்படும். சிறுநீரகத்தில் மருந்து படிகமாகாமலிருக்க பைகார்பனேட் கலந்த டிரிப் ஓடும். நர்ஸ் ஒவ்வொரு முறையும் சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துக் காரத்தன்மை சரியா என்று பார்ப்பார். ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கும்வரை வீட்டுக்கு விடமாட்டார்கள்.

மெத்தோட்ரெக்சேட்டின் வேர் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில், எல்லப்பிரகட சுப்பாராவ் குழுவின் ஃபோலிக் அமில ஆராய்ச்சியில் இருக்கிறது. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியின் முன்னாள் மாணவர். காதி உடுத்திப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். 1948-இல் காலமானார்.

மூளை லிம்போமாவுக்கு முன்பு தலை முழுவதும் கதிர்வீச்சு கொடுப்பதே பிரதான சிகிச்சை. கட்டி சட்டென்று கரையும்; ஆனால் அறுபதைத் தாண்டிய பலருக்கு, பிழைத்த பிறகு மறதி முற்றி நடையும் தடுமாறியது. அதனால் இன்று மெத்தோட்ரெக்சேட் முந்திக்கொள்கிறது. உடல் தாங்கக்கூடியவர்களுக்கு அடுத்து தயோடெபா மருந்தும், அவர்களுடைய சொந்த ஸ்டெம்செல்லைத் திருப்பி ஏற்றும் சிகிச்சையும். கதிர்வீச்சைப் பலருக்குக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிடுகிறார்கள்.