பாதியில் நிற்கும் தையல்

கோவில்பட்டி வட்டாரத்தில் தையல் மிஷின் இருக்கும் வீடுகளில் ஒரு பையும் இருக்கும். பெரும்பாலும் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் தேங்காய் பழம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பை. மிஷினுக்குப் பின்னால் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். அவிழ்த்துப் பார்த்தால் வெட்டி வைத்துத் தைக்காத ஜாக்கெட் துணி, ஒரு பக்கம் மட்டும் ஓரம் அடித்த பாவாடை, பழைய சேலைகளை அடுக்கி மூன்று வரி ஓடுதையல் போட்டதோடு நின்றுபோன போர்வை, புதுநன்மைக்கென்று எடுத்த வெள்ளைத் துணி எல்லாம் வரும். அந்தப் புதுநன்மைப் பிள்ளை இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்.

ஆன்மீகச் சிந்தனைப் பக்கத்தில் மஞ்சப்பைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். திருத்தூதர் பணிகள் நூலில் 9-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசித்துப் பாருங்கள். யோப்பாவில் தபித்தா என்ற பெண் சீடர் இறந்துபோகிறார். பக்கத்து ஊரான லித்தாவில் இருந்த பேதுருவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். அவர் மாடியறைக்குள் வந்ததும் கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று அழுகிறார்கள். அழுதபடியே, தபித்தா உயிரோடு இருந்தபோது செய்து கொடுத்த ஆடைகளை எடுத்துக் காட்டுகிறார்கள். அந்தப் பகுதி முழுவதிலும் தபித்தா பேசியதாக ஒரு சொல்லைக்கூட லூக்கா எழுதவில்லை. அவருக்காகச் சாட்சி சொன்னவை அந்த ஆடைகள்தான். அவையும் உடுத்திக்கொள்ளத் தக்க ஆடைகள். வெட்டி மட்டும் வைத்த துணியாக இருந்திருந்தால் அந்தக் கைம்பெண்களின் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஆகவே பையில் கிடக்கும் ஒவ்வொரு துணிக்கும் ஓர் ஆள் உண்டு என்பதிலிருந்து தொடங்குவோம். சில வீடுகளில் அந்த ஆள் மகளோ பேத்தியோதான். தாமதமானால் மனவருத்தத்தோடு போய்விடும். ஆனால் தையலை நம்பிப் பிழைக்கிற பெண்ணுக்கு அப்படியல்ல. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் கைம்பெண்களுக்கும் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் அரசு மிஷின் கொடுக்கிறது. நம் பங்குகளிலும் அப்படி மிஷின் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மிஷின் கிடைத்த மாதத்தில் அக்கம்பக்கத்தார் ஆசையாகத் துணி கொண்டுவந்து கொடுப்பார்கள். சொன்ன தேதியில் இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாமல் போனால் மூன்றாவது ஆள் கடைத்தெருவுக்குப் போய்விடுவார். பிறகு மிஷின் மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தி, அதன் மேல் டி.வி. ரிமோட்டும் மருந்துச் சீட்டும் வைக்கத் தொடங்கிவிடுவோம். பாதித் தையல் அங்கே ஒரு குடும்பத்தின் வருமானத்தையே நிறுத்திவிடுகிறது.

சோம்பலால்தான் வேலை நிற்கிறது என்று சொல்வது நியாயமல்ல. நம் பூமியின் கணக்கைப் பாருங்கள். கரிசல் மண் மானாவாரி மண். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் உளுந்து, பாசி, சோளம், மக்காச்சோளம், பருத்தி விதைக்கிறோம். கார்த்திகை, மார்கழியில் களையெடுப்பு. தை, மாசியில் அறுப்பு. அதற்குப் பின்னும் பருத்தி எடுப்பு உண்டு. கிறிஸ்து பிறப்புக்குப் புதுத்துணி தைக்க வேண்டிய திருவருகைக் காலமும் காட்டில் பெண்களுக்கு இடுப்பு ஒடியும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு ஆண்டு முழுவதும் இதே நெருக்கடிதான். மார்கழிக் குளிரில் கை வெடித்திருக்க, ஊசியில் நூல் கோப்பதே சிரமம். ஆனி, ஆடியிலோ காடு சும்மா கிடக்கிறது, மிஷினும் சும்மா கிடக்கிறது. கிறிஸ்துமஸ் உடுப்பை ஆடியில் வெட்டுவது கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழா ஆகஸ்ட் 15-இல் வருகிறது. திருவிழாவுக்குத் தைக்க உட்காருகிற கையோடு டிசம்பருக்கும் சேர்த்து வெட்டித் தைத்துவிடலாம். வளர்கிற பிள்ளைகளுக்கு மட்டும் மடிப்பில் இரண்டு இஞ்ச் கூடுதலாக விட்டுவைக்க வேண்டும்.

அடுத்து, வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நேர்த்தையலில் யாரும் நிற்பதில்லை. பக்கத் தையல் ஓடிவிடும். கழுத்து வளைவு, கை இணைப்பு, ஜிப், காஜா ஆகிய இடங்களில்தான் துணி பைக்குள் போகிறது. தப்பிவிடுமோ என்ற பயம்தான் காரணம். வேறு சில துணிகள் ஒரு சின்னப் பொருளுக்காகக் காத்திருக்கும். சேர்ந்த நிறத்தில் நூல்கண்டு இல்லை, கொக்கி தீர்ந்துவிட்டது, லைனிங் துணி எடுக்கவில்லை. இன்னும் சிலவற்றில் அளவு எழுதிய தாள் தொலைந்திருக்கும். பயத்துக்கு மருந்து வேறு, நூல்கண்டு இல்லாததற்கு மருந்து வேறு. எல்லாவற்றையும் சேர்த்து 'நேரமில்லை' என்று சொல்லிவிடுவதால்தான் ஒன்றும் நகர்வதில்லை.

பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத்தாளைக் குத்தி வையுங்கள். அதில் இது யாருக்கு, என்ன பொருள் குறைகிறது, அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை எது என்று எழுதினால் போதும். 'ஜாக்கெட் முடிக்க' என்று எழுதினால் அது அங்கேயே கிடக்கும். 'இடது கையை இணைக்க' என்று எழுதினால் அரை மணி நேரத்தில் முடியும். குறையும் பொருள்களை ஒரே சீட்டில் எழுதி ஒரே நடையில் வாங்கிவிடலாம். வெள்ளை நூல் வேண்டியவற்றை ஒன்றாக வைத்து, பாபினை ஒருமுறை சுற்றி, எல்லாவற்றையும் அடுத்தடுத்து ஓட்டிவிடலாம். ஹெம்மிங், கொக்கி வைப்பது போன்ற கைவேலைகளைத் தனியாக ஒரு சின்னப் பையில் எடுத்து வைத்தால் பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் நடக்கும்.

எழுந்திருக்கும்போது எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். ஒரு பகுதி முழுவதும் முடிந்த இடத்தில் நிறுத்தினால், மறுநாள் புதிதாக யோசித்துத் தொடங்க வேண்டியிருக்கும். தையலின் நடுவில், ஊசி துணிக்குள் இறங்கியபடி, அடுத்த துண்டைக் குண்டூசி குத்தி வைத்துவிட்டு எழுந்தால், மறுநாள் உட்கார்ந்ததும் கால் தானாக மிதிக்கும்.

இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்கள். நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்களில் இந்துக்களும் இஸ்லாமியரும் கத்தோலிக்கரும் உண்டு. கிழிந்த சேலை, வேட்டித் துண்டுகளைக் கொண்டு அவர்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். அடித்துணியின் ஓரத்தில் ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்து, ஓடுதையலாலேயே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறார்கள். முதலிலேயே எல்லாத் துண்டையும் வெட்டி அடுக்க வேண்டியதில்லை, அளவெடுத்துக் கோடு போட வேண்டியதும் இல்லை. அடுப்பில் பால் பொங்கினால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து, மறுநாள் அதே வரியில் தொடரலாம். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்கு நேரே தெரிகிறது. கத்தோலிக்கச் சித்திப் பெண்கள் சிலர் சிலுவை வடிவத்தை நடுவில் வைத்துத் தைப்பதுண்டு. நான்கு மூலைகளிலும் துணியை மடித்துச் சிறு பூ வைப்பார்கள். பூ இல்லாவிட்டால் போர்வை முழுமை பெறாது என்பது அவர்கள் வழக்கம். இடையிடையே எழுந்து போக வேண்டிய வாழ்க்கைக்கு ஏற்ற வேலைமுறை அது.

முடிக்க வேண்டாதவையும் உண்டு. கோபுரம் கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்காதவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை (லூக்கா 14:28-30) நாம் அறிவோம். அது சீடராக இருப்பதன் விலையைப் பற்றியது, தையலைப் பற்றியதல்ல. ஆனாலும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் புத்தி இங்கேயும் உதவும். கல்லூரிக்குப் போய்விட்ட பெண்ணின் புதுநன்மை உடுப்பை இனி முடித்து என்ன செய்வது? தையலைப் பிரித்து, அளவைக் குறைத்து, இந்த ஆண்டு புதுநன்மை வாங்கும் ஏழைப் பிள்ளை ஒன்றுக்குத் தைத்துக் கொடுக்கலாம். பிரிப்பதைத் தோல்வி என்று நினைக்கிறவர்கள் நல்ல டெய்லர் ஒருவரின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். அவர் எத்தனை முறை பிரிக்கிறார் என்று தெரியும். மடிப்பில் சாயம் வெளிறிய துணியையும் எலி கடித்த துணியையும் சதுரமாக வெட்டி ஒட்டுப்போர்வைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய துணியோடு கோடித் துணியை இணைக்குமுன் அதை நனைத்துக் காயவையுங்கள். முதல் நனைப்பில் கோடித் துணி சுருங்கும், பலமுறை துவைத்த துணி சுருங்காது. இழுபடுவதில் பழைய துணிதான் கிழியும். மத்தேயு 9:16-இல் இயேசு இதைச் சொல்லும்போது, வீட்டில் தாய் ஒட்டுப்போடுவதைப் பார்த்து வளர்ந்த ஒருவர் பேசுவதுபோல் இருக்கிறது.

இன்னொரு வகை இருக்கிறது. இறந்துபோன அம்மா பாதி பூப்போட்டு வைத்த தலையணை உறை. ஊசியும் அதிலேயே துருப்பிடித்துக் கிடக்கும். இதைத் தொடவும் மனம் வராது, எறியவும் மனம் வராது. இதற்குப் புனித செலி மார்ட்டினின் தொழில் ஒரு வழி காட்டுகிறது. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தாயாகத்தான் அவரை நமக்குத் தெரியும். ஆனால் பிரான்சில் அலன்சோன் நகரில் 1853 முதல் லேஸ் தொழில் நடத்தியவர் அவர். அலன்சோன் லேஸ் முழுக்க ஊசியால் செய்யப்படுவது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும். 2010-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்த கலை அது. ஒரு லேசை ஒரே பெண் செய்து முடிப்பதில்லை. பல பெண்கள் தங்கள் வீடுகளில் சிறு சிறு துண்டுகளாகச் செய்து கொண்டுவந்து கொடுப்பார்கள். செலி அம்மையார் அவற்றைத் தையல் தெரியாதபடி இணைப்பார். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்து, மார்பகப் புற்றுநோயோடு போராடி 1877 ஆகஸ்ட் 28-இல் இறந்தவர். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரையும் கணவர் லூயியையும் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். ஒருவர் கை தொடங்கியதை இன்னொருவர் கை இணைப்பதுதான் அவருடைய அன்றாட வேலை. அம்மாவின் பூவை அம்மாவைப் போலவே போட வேண்டியதில்லை. மகளின் தையல் வேறாகத் தெரிந்தால் தெரியட்டும். தலையணை ஒன்றுதானே.

தனியாக உட்கார்ந்தால் நகராத வேலை கூட்டமாக உட்கார்ந்தால் நகரும். அரசுப் பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்களில் நம் பெண்கள் சிலர் இருக்கிறார்கள். வெட்டிய துணி எண்ணி வரும், தைத்ததை எண்ணிக் கொடுக்க வேண்டும். அங்கே பாதியில் நிற்பது குறைவு, ஏனென்றால் எதிர்பார்த்து ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். அன்பியக் கூட்டத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். மாதத்தில் ஒரு பிற்பகல் அவரவர் மஞ்சப்பையோடு ஒரு வீட்டுத் திண்ணையில் கூடட்டும். கழுத்து வெட்டப் பயப்படுகிறவருக்கு அதில் கை தேர்ந்தவர் வெட்டிக் கொடுக்கட்டும். இவர் அவருக்குக் கொக்கி வைத்துக் கொடுக்கட்டும். கண் மங்கிய பாட்டிமாருக்கு ஊசியில் நூல் கோத்து வைப்பதைச் சிறுபிள்ளைகளிடம் விடலாம்.

பையில் எதற்கும் உதவாது என்று மிஞ்சியவற்றைச் சேர்த்துப் போர்வை தைப்பதானால், கணக்கு எளிது. ஐந்தரை மீட்டர் நூல்சேலையை மூன்றாக மடித்தால் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு மூன்று அடுக்கு வரும். இரண்டு சேலை என்றால் ஆறு அடுக்கு, மார்கழிப் பனிக்குப் போதும். அதன் மேல் மிச்சத் துண்டுகளை ஓரத்திலிருந்து வைத்துக்கொண்டு வரலாம். பக்கத்துக்கு ஒருவராக நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவர் கை மற்றவர் கையில் இடிக்காது. மார்கழிக்குள் யாருக்குக் கொடுப்பது என்பதை முதல் வரி போடும் அன்றே பேசி, துண்டுத்தாளில் எழுதிக் குத்தி வைத்துவிடுங்கள்.