சோறு போடலாம், கையெழுத்து போட வேண்டாம்

தீபாவளி நெருங்கினால் சில வீடுகளில் ஒரு கேள்வி எழும்: "அண்ணனைக் கூப்பிடுவதா, வேண்டாமா?" அம்மா பால்மரம் வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணத்தை, வியாபாரம் செய்யப் போகிறேன் என்று சொல்லி வாங்கிப் போனவர் அந்த அண்ணன். வியாபாரமும் நடக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. இப்படி ஒரு வீடாவது இல்லாத தோட்டம் இருக்குமா என்பது ஐயமே.

இரத்த பாசம் விட்டுப் போகாதுதான். ஆனால் மன்னிப்பதென்றால் எல்லாவற்றையும் பழையபடி அவர் கையில் ஒப்படைப்பது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அங்கேதான் தவறுகிறோம். மனத்தாங்கலை இன்றைக்கே விட்டுவிடலாம். நம்பிக்கை அப்படி வராது. வாங்கிய கடனில் மாதம் ஐம்பது வெள்ளியாவது அவர் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினால், மெல்ல மெல்ல வரும்.

ஆகவே அண்ணன் வரட்டும். இலை போட்டுச் சோறு பரிமாறுவோம். பிள்ளைகள் பெரியப்பா என்று ஓடி வரட்டும். பந்தியில் பழைய கணக்கை எடுக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் அவர் கடனுக்கு ஜாமீன் கேட்டால், "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, கையெழுத்து மட்டும் போடமாட்டேன்" என்று நேராகச் சொல்லிவிடுவோம். சாக்குச் சொன்னால் அடுத்த மாதமும் அதே பேச்சோடு வருவார்.

அம்மாவின் பணம் மிச்சம் இருந்தால் அதையும் கவனிப்போம். 55 வயது ஆனதும் சேமநிதியை முழுவதும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கேயே விட்டு வைத்தால் வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாத இலாப ஈவு உண்டு. வாரிசாக யார் பெயரை எழுதியிருக்கிறார் என்பதையும் அவரே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கை நீட்டுபவரின் விஷயம் வேறு. குடித்துவிட்டு அடிக்கும் கணவரையோ மகனையோ மன்னிக்கலாம். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டுதான் மன்னிக்க வேண்டும் என்பதில்லை. மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, போலீசில் புகார் செய்து, நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணையைப் பெறலாம். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 15999 என்ற எண்ணை இரவிலும் அழைக்கலாம்.

இதிலெல்லாம் அம்மாவுக்குத்தான் சிரமம். மகன் முகம் வாடினால் தாங்கமாட்டார். யாரும் பார்க்காதபோது முந்தானை முடிச்சை அவிழ்ப்பார். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். கைச்செலவுக்கு வைத்திருக்கும் பத்து இருபது வெள்ளியைக் கொடுத்தால் கொடுத்துவிட்டுப் போகட்டும். வங்கி அட்டையின் இரகசிய எண்ணை மட்டும் மகனிடம் சொல்லாமல் இருந்தால் போதும்.